உபுண்டு 20.04-லிருந்து 24.04: பழைய டெஸ்க்டாப் அமைப்பைக் காப்பாற்றுவதா, ஜினோமை விட்டே விலகுவதா?

கேள்வி: கணினிக்கூடம்

வணக்கம். அலுவலகத்தில் 22 கணினிகள் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 20.04 பதிப்பில், அதன் இயல்பான ஜினோம் டெஸ்க்டாப்பில் ஓடுகின்றன. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 மே மாதத்தோடு முடிந்துவிட்டது. 24.04-க்குக் கொண்டுபோயாக வேண்டும். பாதிக் கணினிகளில் 8 ஜிபி ராம், மீதியில் 4 ஜிபி. வேலை முழுவதும் தமிழில் தட்டச்சு, பக்க வடிவமைப்பு, மெய்ப்புத் திருத்தம்.

இங்கே வேலை செய்பவர்கள் கைவிடத் தயாராக இல்லாதவை இவை:

திரையின் அடியில் ஒரு பட்டை. அதில் திறந்திருக்கும் ஒவ்வொரு விண்டோவும் அதன் தலைப்போடு தனித்தனியாகத் தெரிய வேண்டும். ஒரே நேரத்தில் ஏழெட்டு ஆவணம் திறந்திருக்கும்போது வெறும் ஐகானைப் பார்த்து எது எந்த ஆவணம் என்று கண்டுபிடிக்க முடியாது.

கன்ட்ரோல், ஆல்ட்டோடு மேல் அம்பு, கீழ் அம்பு அழுத்தி ஒர்க்ஸ்பேஸ் (விண்டோக்களைப் பிரித்து வைக்கும் தனித்தனி வேலைப்பரப்பு) மாறுவது.

தலைப்புப் பட்டை மெலிதாக இருப்பது. பல திரைகள் 1366×768 தான், ஒவ்வொரு வரியும் முக்கியம்.

தமிழ்99 விசைப்பலகை முறை.

சோதனைக்காக ஒரு கணினியை மேம்படுத்திப் பார்த்தால் எக்ஸ்டென்ஷன்கள் (ஜினோமில் நாங்கள் சேர்த்த கூடுதல் வசதிகள்) எல்லாம் காலாவதி என்று காட்டுகின்றன. ஒர்க்ஸ்பேஸ் பக்கவாட்டில் போகிறது. தீம் சில நிரல்களில் மட்டும் படிகிறது, மற்றவற்றில் இல்லை. எக்ஸ்டென்ஷனைத் திரும்பப் பொருத்துவதா, மாத்தே அல்லது பிளாஸ்மா என்ற வேறு டெஸ்க்டாப்புக்குப் போவதா?

இன்னொரு கேள்வி, இதுதான் அடிப்படையானது. ஒரு வடிவமைப்புக் குழு நல்ல எண்ணத்தோடுதான் இடைமுகத்தை மாற்றுகிறது. ஆனாலும் பத்து வருடம் கை பழகிய ஒன்றை எடுத்துவிடும் உரிமை அவர்களுக்கு எந்த அளவுக்கு உண்டு? அதே கேள்வி எனக்கும் பொருந்தும். நான் 22 கணினிக்கும் ஒரே அமைப்பைப் போட்டுப் பூட்டிவிடலாமா, அவரவர் விருப்பத்துக்கு விடலாமா?

---

முனையம்

முதலில் என்ன நடந்தது என்று தெளிவாக்கிக்கொள்வோம். 20.04-ல் இருந்தது ஜினோம் 3.36. 24.04-ல் இருப்பது ஜினோம் 46. நடுவில் மூன்று பெரிய மாற்றங்கள் வந்து போயிருக்கின்றன. நீங்கள் அவற்றை ஒரே நாளில் சந்திக்கிறீர்கள்.

2021 மார்ச்சில் ஜினோம் 40. ஒர்க்ஸ்பேஸ்கள் மேல் கீழாக இருந்தவை இடம் வலமாயின.

2022 மார்ச்சில் ஜினோம் 42. நிரல்கள் தம் தோற்றத்தை வரையும் நூலகங்களான ஜிடிகே 4-க்கும் லிப்அத்வைதாவுக்கும் மாறத் தொடங்கின. லிப்அத்வைதாவில் எழுதிய நிரல் உங்கள் ஜிடிகே தீமைக் கண்டுகொள்ளாது. தன் ஸ்டைலைத் தன்னோடு எடுத்து வரும். உங்கள் தீம் பாதி நிரல்களில் மட்டும் படிவதற்கு இதுதான் காரணம். உங்கள் தீமில் பிழை எதுவும் இல்லை.

2023 செப்டம்பரில் ஜினோம் 45. எக்ஸ்டென்ஷன்கள் ஜாவாஸ்கிரிப்ட்டின் புதிய மாட்யூல் முறைக்கு மாற வேண்டியதாயிற்று. 44-க்கு எழுதிய எக்ஸ்டென்ஷன் 45-ல் ஏறவே ஏறாது, 45-க்கு எழுதியது 44-ல் ஏறாது. அதனால் மெட்டாடேட்டா ஃபைலில் பதிப்பு எண்ணை மட்டும் 46 என்று திருத்திப் பயன் இல்லை. பழைய காலத்தில் அந்தத் தந்திரம் பலமுறை வேலை செய்தது, இப்போது உள்ளே குறியீடே படிக்கப்படாது.

எக்ஸ்டென்ஷன் ஏன் இவ்வளவு எளிதாக உடைகிறது என்பதற்கு அடிப்படையான காரணம் ஒன்று உண்டு. ஜினோமில் எக்ஸ்டென்ஷன் என்பது தனி நிரல் அல்ல. அது ஜினோம் ஷெல்லின் (டெஸ்க்டாப்பை வரைந்து காட்டும் மைய நிரல்) அதே பிராசஸுக்குள் ஓடி, ஷெல்லின் உள் செயல்பாடுகளை நேரடியாக மாற்றி எழுதுகிறது. 'இது மாறாது' என்று உறுதி கொடுத்த நிலையான ஏபிஐ, அதாவது வெளி நிரல்கள் நம்பிப் பயன்படுத்தும் வாசல், கிடையாது. உள்ளே ஒரு பெயர் மாறினால் வெளியே எக்ஸ்டென்ஷன் விழும். எதை வேண்டுமானாலும் மாற்றலாம் என்ற சுதந்திரமும் எப்போது வேண்டுமானாலும் உடையலாம் என்ற நிலையும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன.

இனி வேலை. வரிசை முக்கியம்.

மேம்படுத்துவதற்கு முன், டெர்மினலில், டெஸ்க்டாப் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் டிகான்ஃபின் டம்ப் கட்டளையை வேரிலிருந்து, அதாவது வெறும் சாய்கோடு கொடுத்து ஓட்டி, வெளியீட்டை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் சேமியுங்கள். ஒவ்வொரு பயனர் கணக்கிலும் தனித்தனியாக. அமைப்புகள் இருக்கும் மூல ஃபைல் பைனரி, அதைத் திறந்து படிக்க முடியாது. இந்த டெக்ஸ்ட் வடிவம் இருந்தால் பிறகு வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி டிகான்ஃப் லோடு வழியாகத் திரும்ப ஏற்றலாம். முழுவதையும் அப்படியே ஏற்றாதீர்கள். 3.36 காலத்து எக்ஸ்டென்ஷன் அமைப்புகளும் சேர்ந்து ஏறி, புதிய எக்ஸ்டென்ஷன் தவறான மதிப்புகளோடு தொடங்கும்.

பிறகு எக்ஸ்டென்ஷன்ஸ் நிரலைத் திறந்து, மேலே இருக்கும் ஒரே ஸ்விட்சில் எல்லாவற்றையும் அணையுங்கள். அணைத்த நிலையில் மேம்படுத்துங்கள். 20.04-லிருந்து நேராக 24.04 கிடையாது, 22.04 வழியாகத்தான் போக வேண்டும். பிபிஏ-க்கள், அதாவது நீங்கள் சேர்த்த வெளி மென்பொருள் களஞ்சியங்கள், எல்லாம் வழியில் முடக்கப்படும். எதை வைத்திருந்தீர்கள் என்று முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

24.04 வந்ததும் பழைய எக்ஸ்டென்ஷன்களைப் புதுப்பிக்க முயலாமல் அந்த ஃபோல்டரை மறுபெயரிட்டு ஒதுக்குங்கள். ஹோமுக்குள் மறைந்திருக்கும் லோக்கல் ஃபோல்டர், அதற்குள் ஷேர், அதற்குள் ஜினோம் ஷெல் என்று போனால் எக்ஸ்டென்ஷன்ஸ் இருக்கும். வேண்டியதை மட்டும் புதிதாக நிறுவுங்கள்.

அடிப்பட்டைக்கு இரண்டு வழி. பலருக்கும் தெரிந்தது டேஷ் டு பேனல். அதன் அமைப்பில் விண்டோக்களைக் குழுவாக்குவதை நிறுத்தினால் ஒவ்வொன்றும் தலைப்போடு வரும். ஆனால் உங்கள் தேவைக்கு நான் முதலில் சொல்வது ஜினோம் திட்டமே வெளியிடும் விண்டோ லிஸ்ட் எக்ஸ்டென்ஷன். ஜினோம் ஷெல் எக்ஸ்டென்ஷன்ஸ் என்ற பேக்கேஜில் ஆப்ஸ் மெனு, பிளேசஸ் மெனுவோடு அது வருகிறது. வசதிகள் குறைவு, தோற்றம் எளிமை. ஆனால் ஒவ்வொரு ஜினோம் பதிப்போடும் சேர்ந்தே அது வெளியாகிறது, அதனால் 26.04-க்குப் போகும்போது இதே கேள்வியோடு நீங்கள் வர வேண்டியிருக்காது. உபுண்டுவின் டாக்கையும் (நிரல் ஐகான் பட்டை) அடியில் வைத்தால் இரண்டும் மோதும். டாக்கை இடப்பக்கமே விட்டுத் தானாக மறையும்படி வையுங்கள்.

ஒர்க்ஸ்பேஸ் சாவிகளுக்கு எக்ஸ்டென்ஷனே தேவையில்லை. ஒர்க்ஸ்பேஸ் பக்கவாட்டில் இருந்தால் இருக்கட்டும், மேல் அம்பை 'இடப்பக்க ஒர்க்ஸ்பேஸ்' செயலுக்கும் கீழ் அம்பை 'வலப்பக்க ஒர்க்ஸ்பேஸ்' செயலுக்கும் கட்டினால் போதும். கை பழகியபடியே வேலை நடக்கும். டிகான்ஃப் எடிட்டரில் விண்டோ மேனேஜரின் கீபைண்டிங்ஸ் பகுதியில் இதைச் செய்யலாம். பலர் தடுமாறும் இடம் ஒன்று: மேல், கீழ் ஒர்க்ஸ்பேஸ் செயல்களுக்கு அதே சாவி ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். அவற்றை முதலில் காலிப் பட்டியலாக்குங்கள். இல்லாவிட்டால் ஒரே சாவிக்கு இரண்டு செயல் போட்டியிட்டு, அழுத்தினால் ஒன்றும் நடக்காததுபோல இருக்கும்.

திரையில் விண்டோக்களைக் காட்டும் முறை இரண்டு: பழைய எக்ஸ் 11, புதிய வேலண்ட். வேலண்டில் ஷெல்லும், விண்டோக்களைச் சேர்த்துத் திரையில் வரையும் கம்போசிட்டரும் ஒரே பிராசஸ். எக்ஸ் 11-ல் ஆல்ட் எஃப்2 அழுத்தி, ஆர் என்று கொடுத்தால் ஷெல் மட்டும் புதிதாகத் தொடங்கும், திறந்த ஆவணங்கள் அப்படியே இருக்கும். வேலண்டில் அந்த வழி இல்லை. மோசமான எக்ஸ்டென்ஷன் ஷெல்லைக் கவிழ்த்தால் சேமிக்காத ஆவணமும் சேர்ந்து போகும். ஆகவே புதிய எக்ஸ்டென்ஷனை வேலை நேரத்தில் சோதிக்க வேண்டாம். 46-ல் ஷெல்லை நெஸ்டெட் முறையில் ஒரு விண்டோவுக்குள்ளேயே ஓட்டிப் பார்க்க முடியும், அங்கே விழுந்தால் வெளியே எதுவும் கெடாது. உள்நுழையவே முடியாமல் போனால் கன்ட்ரோல் ஆல்ட் எஃப்3 அழுத்தி டிடிஒய் என்ற வெறும் எழுத்துத் திரைக்குப் போய் எக்ஸ்டென்ஷன்ஸ் ஃபோல்டரை மறுபெயரிட்டுவிட்டுத் திரும்பி வாருங்கள்.

---

ஒருசாளரம்

முனையம் சொன்ன வேலைமுறை சரி. உங்கள் அடிப்படைக் கேள்விக்கு வடிவமைப்பாளர்கள் பக்கத்து நியாயத்தை நான் சொல்கிறேன், ஏனென்றால் தமிழில் இது பேசப்படுவதே இல்லை.

2002-லேயே ஜினோம் நிரலாளர் ஹேவக் பென்னிங்டன் கட்டற்ற மென்பொருள் இடைமுகங்கள் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதன் சாரம்: ஒவ்வொரு விருப்பத் தேர்வுக்கும் விலை உண்டு. கணக்கைப் பாருங்கள். ஆம், இல்லை என்ற வகையில் 10 ஸ்விட்ச் இருந்தால் 1,024 நிலைகள். 20 இருந்தால் பத்து லட்சத்துக்கும் மேல். எந்தக் குழுவாலும் அத்தனையையும் சோதிக்க முடியாது. சோதிக்கப்படாத நிலையில்தான் யாரோ ஒருவருடைய பேனல் திரைக்கு வெளியே போய் மாட்டிக்கொள்ளும். அந்தப் பிழையறிக்கை வரும்போது அதை மறு உருவாக்கம் செய்யவே அரை நாள் போய்விடும். பிழையைத் திருத்துவது அதற்குப் பிறகுதான்.

தீம் விஷயமும் அப்படியே. 2019-ல் ஜினோம் நிரல் எழுதுபவர்கள் சிலர் சேர்ந்து, எங்கள் நிரல்களுக்குத் தீம் போடாதீர்கள் என்று ஒரு திறந்த மடல் வெளியிட்டார்கள். அதைப் பயனர்களுக்கு எதிரான மடல் என்று பலர் இன்னும் நம்புகிறார்கள். அது உபுண்டு போன்ற லினக்ஸ் வினியோகங்களை நோக்கி எழுதப்பட்டது. நிரலை எழுதியவருக்குத் தெரியாமல் ஒரு வினியோகம் எல்லார் கணினியிலும் தீமை மாற்றி அனுப்புகிறது. கறுப்புப் பின்னணியில் கறுப்பு எழுத்து வந்து பட்டன் மறைந்துபோகிறது. புகார் போவது நிரலை எழுதியவருக்கு. சொந்தக் கணினியில் மாற்றிப் பார்ப்பவர்களைத் தடுக்கவில்லை என்று அந்த மடலிலேயே இருக்கிறது.

தலைப்புப் பட்டை பற்றி: ஜினோமின் பட்டை பெரிதாகத் தெரிவது உண்மை. ஆனால் பழைய நிரலில் தலைப்பு, மெனு, கருவிப்பட்டை என்று மூன்று வரி இருந்ததை அது ஒரே வரியாக்குகிறது. அளந்து பார்த்தால் சில நிரல்களில் உள்ளடக்கத்துக்குக் கிடைக்கும் உயரம் கூடத்தான் செய்கிறது. இழப்பு தெரிவது லிப்ரேஆஃபீஸ் போன்ற நிரல்களில்தான், அங்கே மெனுவும் கருவிப்பட்டையும் தனியாக நிற்கின்றன. அதற்கு லிப்ரேஆஃபீஸின் காட்சி மெனுவில் பயனர் இடைமுகம் என்ற தேர்வுக்குப் போய் ஒற்றைக் கருவிப்பட்டையைப் போடுங்கள். 768 உயரத் திரையில் ஒரு முழு வரிசை மிச்சமாகும்.

அடிப்பட்டை இல்லாமல் வேலை செய்வதும் பழக்கம்தான். சூப்பர் சாவியை (விண்டோஸ் சாவி) தட்டினால் திறந்திருக்கும் எல்லாம் படமாக விரியும். ஆல்ட்டோடு டேபுக்கு மேலே உள்ள சாவி, ஒரே நிரலின் விண்டோக்களுக்குள் மாறும். சூப்பரோடு 1 முதல் 9 வரை டாக்கில் உள்ள நிரல்கள். புதிதாகச் சேருபவர்களுக்கு இதையே கற்றுக்கொடுங்கள். எக்ஸ்டென்ஷன் ஒன்றுகூட இல்லாத ஜினோம் மேம்படுத்தலில் உடையவே உடையாது. அதுவும் ஒரு சுதந்திரம்.

---

கட்டற்றகயல்

ஒருசாளரம் சொல்ற கணக்கு சரி, முடிவு சரியில்லை. ஸ்விட்சை எடுத்துட்டா அதோட விலை காணாமப் போறதில்ல, இடம் மாறுது. முன்னாடி திட்டத்துக்குள்ள ஒருத்தர் பராமரிச்சதை இப்போ வெளியில சம்பளமில்லாத எக்ஸ்டென்ஷன் எழுதுறவங்க ஆறு மாசத்துக்கு ஒருமுறை திருத்துறாங்க. அவங்க களைச்சுப் போய் நிறுத்தினா பயனர் தலையில விழுது. 22 கணினியோட இந்தக் கேள்வியே அந்த விலைதான்.

வரலாற்றைப் பாருங்க. 2011 ஏப்ரல்ல ஜினோம் 3.0 வந்தப்போ மினிமைஸ், மேக்சிமைஸ் பட்டன் இரண்டையும் எடுத்தாங்க. கணினியை அணைக்கிற தேர்வு மெனுவுல தெரியாது, ஆல்ட்டை அழுத்திப் பிடிச்சாத்தான் வரும். அப்புறம் வந்த பதிப்புகள்ல அது திரும்ப வந்துச்சு. 2012-ல 3.6 வந்தப்போ ஃபைல் மேனேஜர்ல எஃப்3 அழுத்தி இரண்டாப் பிரிக்கிற வசதி போச்சு. 3.0 கொண்டுவந்த மாற்றங்களோட விளைவா 2011-லயே அர்ஜென்டினாவுல ஒருத்தர் ஜினோம் 2-வை எடுத்து மாத்தேன்னு தொடர்ந்தார். லினக்ஸ் மின்ட் வினியோகத்தோட குழு சின்னமன்ங்கிற டெஸ்க்டாப்பை உருவாக்குச்சு, ஜினோமோட ஃபைல் மேனேஜர் குறியீட்டைத் தனியாப் பிரிச்சு நெமோன்னு வச்சுச்சு. லினக்ஸை உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸ் அப்போ ஜினோமை விட்டு எக்ஸ்எஃப்சிஇ-ங்கிற டெஸ்க்டாப்புக்குப் போனார், 2013-ல திரும்பி வந்தார். வந்தது எக்ஸ்டென்ஷன்களோட. ஆக, அவரைத் திரும்பக் கூட்டிட்டு வந்தது அவரே மாத்திக்க முடிஞ்ச பகுதி.

இது ஜினோமோட மட்டும் பிரச்சினையில்ல. விண்டோஸ் 8, 2012-ல ஸ்டார்ட் பட்டனை எடுத்து, மறு வருஷம் 8.1-ல திருப்பி வச்சுச்சு. 2021-ல வந்த விண்டோஸ் 11 டாஸ்க்பார்ல விண்டோக்களைத் தலைப்போட தனித்தனியாக் காட்டுற தேர்வு இல்ல, 2023-லதான் திரும்ப வந்துச்சு. நீங்க கேக்குற அதே வசதி! அது நாலு பேரோட பிடிவாதமா இருந்திருந்தா அவ்வளவு பெரிய நிறுவனம் இறங்கி வந்திருக்குமா?

ஆனா விண்டோஸ் 8-க்கும் ஜினோம் 3-க்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஜினோம்ல பிரிச்சு எடுத்துட்டுப் போக முடிஞ்சுது. வடிவமைப்புக் குழுவுக்கு மாத்துற உரிமை இருக்கு, நமக்குப் பழைய மூலக்குறியீட்டை எடுத்துட்டுப் போற உரிமை இருக்கு. இரண்டும் சேர்ந்துதான் சமநிலை. அதனால 'அவங்களுக்கு என்ன உரிமை'ன்னு கேக்குறதை விட, அடுத்த மேம்படுத்தல்ல நம்ம அமைப்பு பிழைக்குமான்னு கேளுங்க. ஸ்விட்ச் எத்தனை இருக்குங்கிறது அதுக்கு அடுத்ததுதான்.

அந்த அளவுகோல்ல பிளாஸ்மா எங்க நிக்குது? பேனல், டாஸ்க் மேனேஜர், மெனு எல்லாம் அங்க முதல் தர வசதி, திட்டத்துக்குள்ளயே பராமரிக்கிறது. 24.04-ல கிடைக்கிறது பிளாஸ்மா 5.27. டாஸ்க்பார் ஐகான் மட்டும் காட்டும், அதுமேல வலது க்ளிக் பண்ணி மாற்று விட்ஜெட்டுகளைக் காட்டுன்னு கொடுத்து, ஐகான் மட்டுமில்லாத டாஸ்க் மேனேஜரைத் தேர்ந்தெடுத்தா தலைப்போட வரும். அப்புறம் அதோட அமைப்புல குழுவாக்காதேன்னு வைங்க. எடிட் மோடுல பேனல் உயரத்தை 30 பிக்சல் சுற்றி குறைச்சுக்கலாம். விண்டோ அலங்காரப் பகுதியில பட்டன் அளவைச் சிறிசாக்கினா தலைப்புப் பட்டையும் மெலியும். லிப்அத்வைதா நிரல்கள் மட்டும் தன் பட்டையைத் தானே வரையும், அதை பிளாஸ்மாவால தொட முடியாது. அதுகளுக்குப் பதிலா பிளாஸ்மாவை உருவாக்குற கேடிஇ திட்டத்தோட நிரல்களை வைங்க: டால்ஃபின், கேட், ஆக்குலர்.

பேனல் கவிழ்ந்தாலும் வேலை போகாது. பிளாஸ்மாஷெல் வேற பிராசஸ், விண்டோக்களை நிர்வகிக்கிற கேவின் வேற பிராசஸ். பேனல் மட்டும் ஒரு நொடி மறைஞ்சு திரும்ப வரும்.

கஷ்டங்களையும் சொல்லிடறேன். ஒண்ணு, ஓடிட்டிருக்கிற உபுண்டு மேலயே குபுண்டு (பிளாஸ்மாவோட வர்ற உபுண்டு) டெஸ்க்டாப்பைப் போடாதீங்க. இரண்டு ஃபைல் மேனேஜர், இரண்டு செட்டிங்ஸ், கலந்துபோன ஐகான்கள். புதுசா நிறுவுங்க, ஹோமைத் தனியா எடுத்து வச்சு ஆவணங்களை மட்டும் திருப்பி வைங்க. இரண்டு, குபுண்டு 24.04-க்கும் உபுண்டு மாத்தே 24.04-க்கும் ஆதரவு 3 வருஷம்தான், 2027 ஏப்ரல் வரைக்கும். மூலப் பதிப்பான உபுண்டுவுக்கு 5 வருஷம். திட்டம் போடும்போது இதைக் கணக்குல எடுங்க. மூணு, இணையத்துல கிடைக்கிற குளோபல் தீம்களை நிறுவவே விடாதீங்க. அது வெறும் நிறமும் படமும் இல்ல, குறியீடும் உள்ள இருக்கும். 2024 மார்ச்ல அப்படி ஒரு தீமை நிறுவினவரோட ஃபைல்கள் மொத்தமா அழிஞ்சு, கேடிஇ தரப்பே எச்சரிக்கை கொடுத்துச்சு.

4 ஜிபி கணினிகளுக்கு மாத்தேதான். அடிப்பட்டை, தலைப்போட விண்டோ பட்டியல், மேல் கீழ் ஒர்க்ஸ்பேஸ் எல்லாம் ஜினோம் 2 காலத்துலேர்ந்து அப்படியே இருக்கு. மாத்தே ட்வீக்ல பேனல் வடிவம் மாத்துற இடம் இருக்கு, அதுல ரெட்மண்ட் வடிவம் உங்களுக்குப் பொருந்தும்.

---

பட்டறைவாசல்

பூட்டுவதா, விடுவதா என்ற கேள்விக்கு மட்டும் வருகிறேன். இதில் நடுவழி ஒன்று இருக்கிறது, பலர் அதைப் பயன்படுத்துவதில்லை. டிகான்ஃபில் இயல்புநிலை மதிப்பு வேறு, பூட்டு வேறு. 22 கணினிக்கும் ஒரே இயல்புநிலையைக் கொடுங்கள். பூட்டுவதை மிகச் சிலவற்றோடு நிறுத்துங்கள். அப்படிச் செய்தால் புதிதாக உட்காருபவருக்கு அலுவலக அமைப்பு கிடைக்கும், மாற்ற விரும்புபவர் மாற்றிக்கொள்ளலாம், குழம்பிப் போனால் அழித்துவிட்டு அலுவலக அமைப்புக்கே திரும்பலாம்.

செய்முறை: ஈடிசி என்ற சிஸ்டம் ஃபோல்டருக்குள் டிகான்ஃப், அதற்குள் ப்ரொஃபைல், அதற்குள் யூசர் என்ற பெயரில் ஒரு ஃபைல். அதில் இரண்டே வரி. முதல் வரி பயனரின் தரவுத்தளம், இரண்டாவது வரி லோக்கல் என்ற சிஸ்டம் தரவுத்தளம். இந்த வரிசையை மாற்றாதீர்கள், மேலே இருப்பதற்கே முன்னுரிமை. அடுத்து, அதே டிகான்ஃப் ஃபோல்டரில் டிபி என்பதற்குள் லோக்கல் டாட் டி ஃபோல்டரை உருவாக்கி, அதில் உங்கள் மதிப்புகளைக் கொண்ட ஃபைலை வையுங்கள். பூட்ட வேண்டியவை இருந்தால் அதற்குள்ளேயே லாக்ஸ் என்ற ஃபோல்டரில். கடைசியாக ரூட் அனுமதியோடு டிகான்ஃப் அப்டேட். பயனர் ஒருமுறை வெளியேறி உள்ளே வந்தால் நடப்புக்கு வரும்.

வேலை செய்யவில்லை என்றால் பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான் காரணம். பகுதித் தலைப்பில் புள்ளிக்குப் பதில் சாய்கோடு வர வேண்டும், தொடக்கத்தில் சாய்கோடு கூடாது. ஆனால் லாக்ஸ் ஃபைலில் முழுப் பாதையும் தொடக்கச் சாய்கோட்டோடு வர வேண்டும். இந்த முரண்தான் அதிகம் பேரைச் சுற்றலில் விடுகிறது. சொல் மதிப்புகளுக்கு மேற்கோள் குறி கட்டாயம். டிகான்ஃப் அப்டேட்டை மறந்தால் ஃபைல் சரியாக இருந்தும் பலன் இருக்காது.

எல்லாம் சரியாக இருந்தும் பழைய பயனர்களிடம் மாற்றம் தெரியாவிட்டால், அவர்கள் 20.04 காலத்தில் மாற்றிய மதிப்பு அவர்களது தரவுத்தளத்தில் இன்னும் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். அது உங்கள் இயல்புநிலையை மறைக்கும். அந்தச் சாவியை மட்டும் டிகான்ஃப் ரீசெட் செய்யுங்கள். முழுத் தரவுத்தளத்தையும் அழித்தால் அவர்கள் விசைப்பலகை அமைப்பு, வால்பேப்பர் எல்லாம் போய்விடும், அடுத்த முறை உங்களை நம்ப மாட்டார்கள்.

எக்ஸ்டென்ஷன்களை பயனர் ஃபோல்டரில் நிறுவாமல் உபுண்டுவின் ஏபிடி என்ற பேக்கேஜ் நிறுவி வழியாகச் சிஸ்டம் முழுவதற்கும் நிறுவுங்கள். 24.04-க்குள் இருக்கும் வரை ஷெல்லோடு பொருந்தும் பதிப்பே வரும். யூஎஸ்ஆர் என்ற சிஸ்டம் ஃபோல்டருக்குள் போய் அமரும் அவற்றைப் பயனர் தவறுதலாக அழிக்கவும் முடியாது. எவை இயங்க வேண்டும் என்பதை இயக்கிய எக்ஸ்டென்ஷன்கள் பட்டியலில் இயல்புநிலையாகக் கொடுத்தால் போதும்.

நான் பூட்டுவது என்றால் திரைப்பூட்டு நேரத்தையும் பொது நெட்வொர்க் அமைப்பையும் மட்டுமே பூட்டுவேன். எழுத்தளவு, பட்டை எங்கே இருக்க வேண்டும், எந்தச் சாவி எதைச் செய்ய வேண்டும் என்பவை கண்ணும் கையும் சார்ந்தவை. நாள் முழுக்க மெய்ப்புத் திருத்துபவருக்கு எழுத்து ஒரு அளவு கூடவோ குறையவோ இருப்பது அலங்காரம் கிடையாது. அதைப் பூட்ட யாருக்கும் உரிமை இல்லை. ஜினோம் வடிவமைப்பாளருக்கும் இல்லை, நிர்வாகிக்கும் இல்லை.

---

ஒருசாளரம்

பட்டறைவாசல் சொல்லும் இயல்புநிலை, பூட்டு வேறுபாட்டை முழுமையாக ஏற்கிறேன். நல்ல இயல்புநிலை தருவதுதான் வடிவமைப்புக் குழுவின் கடமை என்பதே என் வாதமும்.

கயலுக்கு ஒன்று. எக்ஸ்டென்ஷன் எழுதுபவர்கள் தலையில் சுமை விழுவது உண்மைதான். ஆனால் நிலையான ஏபிஐ கொடுத்தால் அது எட்டாத இடங்களை எக்ஸ்டென்ஷனால் தொட முடியாது. டேஷ் டு பேனல் போல ஷெல்லின் அமைப்பையே திருப்பிப் போடும் ஒன்று அப்படிப்பட்ட எல்லைக்குள் பிறந்தே இருக்காது.

---

கட்டற்றகயல்

அது நியாயமான கேள்வி. ஆனா இடைவழி இருக்கு: பட்டை, விண்டோ பட்டியல், ட்ரே ஐகான் (பின்னணியில ஓடுற நிரல்களைக் காட்டுற சின்ன ஐகான்) மூணுக்கும் மட்டும் நிலையான வாசல் கொடுத்துட்டு மிச்சத்தை இப்போ மாதிரியே விடலாம். பழைய ட்ரேயை 2017-ல 3.26-ல எடுத்தாங்க. இன்னைக்கும் உபுண்டு அதுக்குன்னு ஒரு எக்ஸ்டென்ஷனைத் தானே சேர்த்து அனுப்புது. வினியோகமே ஓட்டையை அடைக்க வேண்டியிருக்குன்னா அந்த வசதி உள்ளயே இருந்திருக்கணும்.

---

கணினிக்கூடம்

எல்லாருக்கும் நன்றி. 8 ஜிபி கணினிகளில் உபுண்டு 24.04, விண்டோ லிஸ்ட், ஏபிடி வழியாக. 4 ஜிபி கணினிகளில் உபுண்டு மாத்தே. இயல்புநிலை மட்டும், பூட்டு இல்லை. மாத்தேயும் டிகான்ஃபையே பயன்படுத்துவதால் ஒரே முறை இரண்டுக்கும் சரிவரும் என்று நினைக்கிறேன். தமிழ்99 மட்டும் மிச்சம். வேலண்டில் ஏதாவது சிக்கல் உண்டா?

---

முனையம்

ஆம், அதே ப்ரொஃபைல் முறை மாத்தேக்கும் செல்லும். பகுதித் தலைப்பில் ஜினோம் பாதைக்குப் பதில் மாத்தே பாதை, அவ்வளவுதான்.

ஜினோம் வேலண்டில் தமிழ்99-க்குச் சிக்கல் இல்லை, பல மொழித் தட்டச்சுக்கான ஐபஸ் நிரல் அதோடு இணைந்தே வருகிறது. தமிழ்99 இருக்கும் ஐபஸ் எம்17என் பேக்கேஜை நிறுவி, வெளியேறி உள்ளே வாருங்கள். அப்படிச் செய்யாவிட்டால் பட்டியலில் தமிழ்99 தெரியாது, நிறுவல் தோற்றதாக நினைத்துவிடுவீர்கள். பிறகு செட்டிங்ஸ், விசைப்பலகை, உள்ளீட்டு மூலங்கள். சூப்பரும் ஸ்பேஸும் மொழி மாற்றும். அதே பக்கத்தில் ஒவ்வொரு விண்டோவுக்கும் தனி மொழி என்ற தேர்வு உண்டு. ஒரு விண்டோவில் தமிழ் ஆவணம், இன்னொன்றில் ஆங்கில மின்னஞ்சல் என்று வேலை செய்பவர்களுக்கு அதை இயக்கி வையுங்கள். ஆனால் அதை இயல்புநிலையாகத் திணிக்க வேண்டாம், பழகாதவர்களுக்கு மொழி தானாக மாறுவதுபோலத் தோன்றும்.

மாத்தே எக்ஸ் 11-ல் ஓடுவதால் அங்கே உள்ளீட்டு முறையை ஐஎம் கான்ஃபிக் வழியாக ஐபஸ் என்று ஒருமுறை தேர்ந்தெடுங்கள். தமிழ்99-ஐச் சேர்ப்பது ஐபஸின் சொந்த விருப்பங்கள் பக்கத்தில், செட்டிங்ஸில் தேட வேண்டாம். பின்னாளில் யாராவது பிளாஸ்மா வேலண்டுக்குப் போனால் வழி வேறு: ஐபஸ் போன்ற இன்னொரு உள்ளீட்டு நிரலான ஃபிசிடிஎக்ஸ் 5-ஐயும் அதன் எம்17என் பேக்கேஜையும் நிறுவி, சிஸ்டம் செட்டிங்ஸில் விர்ச்சுவல் கீபோர்டு என்ற பக்கத்தில் ஃபிசிடிஎக்ஸ் 5-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும். திரையில் தோன்றும் விசைப்பலகைக்கான பக்கம் என்று நினைத்து எல்லாரும் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.